எந்த வயதில் கடல் கடக்கிறார்கள்? ஜப்பானும் தென்கொரியாவும் காட்டும் கணக்கு

கேட்கப்பட்ட கேள்வி இது: "முன்பெல்லாம் வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் ஓய்வுபெற்றவர்கள் போவது. இப்போது விமான நிலையத்தில் எங்கு பார்த்தாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள்தான். உலகம் முழுவதும் சுற்றுலாப் பயணிகளின் வயது குறைந்துகொண்டே வருகிறதா?"

இல்லை. சில நாடுகளில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் கூடியிருக்கிறது. ஜப்பானில் முதலில் குறைந்து, பிறகு கூடி, இப்போது இரண்டும் கலந்து கிடக்கிறது. புள்ளிவிவரத்தில் நாம் "வயது" என்று படிப்பது பெரும்பாலும் பிறந்த ஆண்டைத்தான். ஒரு தலைமுறைக்கு எந்த வயதில் வெளிநாட்டுக் கதவு திறந்ததோ, அந்தத் தலைமுறை அந்தப் பழக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு முதுமைக்குள் நடக்கிறது. இதை எல்லா நாடுகளையும் வைத்துச் சொல்லப் போனால் எதுவும் தெளிவாகாது. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த இரண்டு நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானிய மொழி வழிகாட்டியாக வேலை செய்தவன் என்பதால் ஜப்பான் முதலில்.

ஜப்பானியர்கள் சொந்தச் செலவில், வெறுமனே சுற்றிப் பார்ப்பதற்காக வெளிநாடு போக 1964 ஏப்ரல் 1 வரை அனுமதி கிடையாது. அரசு வேலை, வணிகம், படிப்பு போன்ற காரணம் வேண்டும். டாலர் கையிருப்பைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த அந்த ஆண்டில்தான் தடை நீங்கியது. அப்போதும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு பயணம், கையில் 500 டாலர் என்ற வரம்பு இருந்தது. 1964இல் எல்லாக் காரணங்களையும் சேர்த்து வெளியே சென்றவர்கள் சுமார் 1.28 லட்சம் பேர்.

யார் அவர்கள்? அந்த ஆண்டு ஹவாய்க்கு ஒன்பது நாள் டூர் போக மூன்றரை லட்சம் யென்னுக்கு மேல் ஆயிற்று. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பட்டதாரிக்கு மாதச் சம்பளம் இருபதாயிரம் யென் அளவில் இருந்த காலம். சாப்பாட்டுக்குக்கூட எடுக்காமல் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்தால் ஹவாய் பார்க்கலாம். எனவே போனவர்கள் நடுவயது தாண்டிய கடை முதலாளிகள், நிறுவன அதிகாரிகள், கையில் நிலம் வைத்திருந்த விவசாயிகள். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்களைக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்றன. கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால், கழுத்தில் கேமராவோடு வரிசையாக நடக்கும் ஜப்பானியர் என்று உலகம் மனத்தில் பதித்துக்கொண்ட உருவம் அந்தக் காலத்தது. பிறகு அந்த நாட்டுப் பயணிகளின் வயதும் பாலினமும் அடியோடு மாறிவிட்டன. உருவம் மட்டும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது.

1970இல் ஜம்போ ஜெட் வந்ததும் முதல் மாற்றம் தொடங்கியது. ஒரே விமானத்தில் முந்நூறு, நானூறு இருக்கைகள். அவற்றை நிரப்ப விமான நிறுவனங்கள் மொத்தமாக வாங்குபவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தன. 1971க்குப் பிறகு டாலருக்கு 360 யென் என்ற நிலையான மதிப்பும் உடைந்து, யென் வலுவடைந்தது. 1972இல் பயணிகள் 14 லட்சம், அடுத்த ஆண்டே 23 லட்சம். புதுமணத் தம்பதிகள் குவாமுக்கும் ஹவாய்க்கும் தேனிலவு போகத் தொடங்கினார்கள். இருபதுகளில் இருந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியே போனது முதலில் திருமணத்தின் பெயரால்தான். ஆனால் அதே எழுபதுகளில் கொரியாவுக்கும் தைவானுக்கும் போன குழுக்களில் ஆண்களே நிறைந்திருந்தார்கள். அந்தப் பயணங்களில் பல பாலியல் சுற்றுலாவாக இருந்தன. கொரியப் பெண்களும் ஜப்பானியப் பெண்களும் இரு பக்கமும் நின்று அதை எதிர்த்துப் போராடினார்கள். சுற்றுலா வரலாறு எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அடுத்து வந்த திருப்பம்தான் இந்தக் கேள்விக்கு மிக முக்கியமானது. டாலரின் மதிப்பைக் குறைக்க அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாடுகள் 1985இல் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு யென்னின் மதிப்பு மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கானது. அமெரிக்காவோ ஜப்பானின் ஏற்றுமதி உபரியைக் குறைக்கச் சொல்லி அழுத்திக்கொண்டிருந்தது. மக்கள் வெளிநாட்டில் போய்ச் செலவழித்தால் உபரி குறையும் என்று கணக்கிட்ட அரசு, 1987இல் ஒரு திட்டம் அறிவித்தது. 1986இல் 55 லட்சமாக இருந்த பயணிகளை ஐந்தே ஆண்டுகளில் ஒரு கோடியாக்க வேண்டும். 1990இலேயே அது 1.1 கோடி ஆகிவிட்டது. "வெளியே போய்ச் செலவு செய்யுங்கள்" என்று ஓர் அரசு தன் குடிமக்களைத் தூண்டிய இன்னொரு பெரிய நிகழ்வை எனக்கு நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை.

இந்த அலையின் முகமாக நின்றவர்கள் இருபதுகளில் இருந்த பெண்கள். காரணம் ஜப்பானிய அலுவலகத்தின் அமைப்பிலேயே இருந்தது. ஒரு நிறுவனத்தில் ஒரே ஆண்டில் சேர்ந்த ஆணும் பெண்ணும் ஒரே பாதையில் போகவில்லை. ஆணுக்கு இரவு வரை வேலை, மேலதிகாரியோடு மது விருந்து, எடுக்க முடியாத விடுப்பு, கடைசியில் ஒரு பதவி. பெண்ணுக்குத் தேநீர் ஊற்றுவதும் கோப்பு அடுக்குவதும். திருமணமானால் விலகிவிடுவாள் என்ற எதிர்பார்ப்பு. வேலைவாய்ப்பில் சம உரிமைச் சட்டம் 1986இல் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே கலையவில்லை. பதவி உயர்வு வராது என்று தெரிந்த பெண் விடுப்பை முழுவதும் எடுத்துக்கொண்டாள். பெற்றோர் வீட்டில் இருந்ததால் வாடகை இல்லை. சம்பளமும் ஆண்டு இறுதி போனசும் அப்படியே கையில் நின்றன. ஹாங்காங், சிங்கப்பூர், ஹவாய், பாரிஸ் என்று அவள் புறப்பட்டாள். அலுவலகம் அவளுக்கு எதிர்காலத்தைத் தர மறுத்தது. அந்த மறுப்பே அவளுக்கு நேரத்தைக் கொடுத்தது. இளைஞர் சுற்றுலாவின் பொற்காலம் என்று இந்தக் காலத்தைக் கொண்டாடும் கட்டுரைகளில் இந்தப் பாதி அநேகமாக விடுபட்டுப் போகிறது.

இந்த இடத்தில் புள்ளிவிவரம் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய வயதுக் கணக்கு குடியகல்வுச் சாவடியில் எடுக்கப்படுவது. அதில் சுற்றுலாவும் அலுவல் பயணமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆண்களில் முப்பதுகள் முதல் ஐம்பதுகள் வரை எண்ணிக்கை உயர்ந்து தெரியும். அந்த உயரத்தின் ஒரு பெரும் பகுதி தொழிற்சாலைக்கும் கூட்டத்துக்கும் போனவர்கள். பெண்களின் வரைபடத்தில் இருபதுகளில் ஒரு சிகரம், முப்பதுகளின் பின்பாதியிலும் நாற்பதுகளிலும் ஒரு பள்ளம், குழந்தைகள் வளர்ந்த பிறகு மறுபடியும் ஒரு மேடு என்று வரும். சுற்றுலாவின் உண்மையான வயதைப் பெண்களின் வரைபடத்தில் பார்ப்பதே நம்பகமானது என்பது என் கருத்து.

1996இல் வெளிநாடு சென்ற இருபது வயதுக்காரர்கள் (20 முதல் 29 வரை) சுமார் 46 லட்சம். மொத்தப் பயணிகளில் நான்கில் ஒருவருக்கும் மேல். அதுதான் உச்சம். 2008இல் அது சுமார் 26 லட்சமாக இறங்கிவிட்டது, ஆறில் ஒருவர். "இளைஞர்கள் வெளிநாட்டை விட்டு விலகுகிறார்கள்" என்று பத்திரிகைகள் பதறின. இன்றைய இளைஞர்கள் உள்ளொடுங்கிகள், ஆர்வம் இல்லாதவர்கள் என்று பெரியவர்கள் தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1996இல் இருபதுகளில் இருந்தவர்களின் மக்கள்தொகை சுமார் 1.9 கோடி. 1971 முதல் 1974 வரை ஆண்டுக்கு இருபது லட்சம் குழந்தைகள் பிறந்த இரண்டாவது பிறப்பு அலை அப்போது சரியாக இருபதுகளில் இருந்தது. 2008இல் அந்த வயதுக் கூட்டம் 1.5 கோடிக்குச் சுருங்கிவிட்டது. 1996இல் இருந்த அதே வேகத்தில், அதாவது நூற்றுக்கு இருபத்து நான்கு பயணம் என்ற கணக்கில், 2008இன் இளைஞர்கள் போயிருந்தாலும் 36 லட்சம்தான் வந்திருக்கும். ஆக, குறைந்த இருபது லட்சத்தில் ஏறக்குறைய பாதி, பிறக்காமல் போன குழந்தைகளின் கணக்கு.

மறு பாதிக்கும் மனப்பான்மையைப் பழி சொல்வதற்கு முன் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். நிலத்தின் விலையும் பங்கு விலையும் அளவுக்கு மீறி ஊதிய பொருளாதாரக் குமிழி 1990களின் தொடக்கத்தில் உடைந்த பிறகு நிறுவனங்கள் நிரந்தர வேலைகளைக் குறைத்து ஒப்பந்தத்திலும் பகுதிநேரத்திலும் ஆள் எடுத்தன. முன்பு போனசை எடுத்துக்கொண்டு ஹவாய் போன இருபத்தைந்து வயதுப் பெண்ணின் இடத்தில், போனசே இல்லாத ஒப்பந்தப் பணியாளர் உட்கார்ந்திருந்தார். கல்லூரி மாணவர்களோ மூன்றாம் ஆண்டிலேயே வேலை தேடத் தொடங்க வேண்டியிருந்தது. முன்பு நீண்ட பயணத்துக்கு ஏற்றதாக இருந்த வசந்த விடுமுறையை நேர்முகத் தேர்வுகள் தின்றுவிட்டன. கல்விக் கடனைத் திருப்பிக் கட்டுபவர்களும் பெருகினார்கள். இவ்வளவையும் சுமத்திவிட்டு, "ஆர்வம் இல்லை" என்று சொல்வது நியாயமல்ல. 2012இல் மலிவுக் கட்டண விமானங்கள் ஜப்பானில் பறக்கத் தொடங்கி, தென்கொரியாவும் தைவானும் கைக்கெட்டும் விலைக்கு வந்தபோது இளம்பெண்கள் மறுபடியும் புறப்பட்டார்கள் என்பதே இதற்குச் சான்று.

முதியவர்களின் பக்கம் என்ன நடந்தது? 1986இல் ஜப்பானிய வர்த்தக, தொழில் அமைச்சகம் ஓய்வுபெற்றவர்கள் ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் போய் வாழ ஒரு திட்டம் முன்வைத்தது. கிழவர்களை ஏற்றுமதி செய்கிறீர்களா என்று உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்பு வந்ததும் அது அடங்கியது. ஆனால் அதிலிருந்து வேறொன்று முளைத்தது: குடியேறாமல், சில மாதங்கள் ஓரிடத்தில் தங்கிவிட்டுத் திரும்புவது. மலேசியா 2002இல் தன் நீண்டகாலத் தங்கல் விசாவைச் சீர்ப்படுத்தியபோது ஜப்பானிய ஓய்வூதியக்காரர்கள் அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் இருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள் உழைத்த கேமரன் மலையில், கோடையின் புழுக்கத்துக்கும் குளிர்காலத்துக்கும் தப்பி வந்த ஜப்பானிய முதியவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள்.

2007இல் இன்னொரு எதிர்பார்ப்பு கிளம்பியது. போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை ஆண்டுக்கு 26, 27 லட்சம் பேராகப் பிறந்த பெருங்கூட்டம் அறுபது வயதை எட்டியது. ஓய்வுத் தொகையோடு இவர்கள் எல்லோரும் விமானம் ஏறுவார்கள் என்று பயண நிறுவனங்கள் கப்பல் பயணங்களையும் ஐரோப்பியச் சுற்றுகளையும் அடுக்கி வைத்துக் காத்திருந்தன. வந்தார்கள், ஆனால் வெள்ளமாக வரவில்லை. பலர் அறுபத்தைந்து வரை வேலையில் நீடித்தார்கள். தொண்ணூறு வயதுத் தாயைப் பராமரிக்க வேண்டியிருந்தது. பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறுபது வயதானால் நேரம் தானாக வந்துவிடும் என்று சந்தைப்படுத்துபவர்கள் நம்பினார்கள். நீண்ட ஆயுள் கொண்ட நாட்டில் அறுபது வயதுக்காரர் இன்னொருவருடைய பிள்ளை என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

நேரம் எவ்வளவு தீர்மானமானது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், பீஸ் போட் என்ற ஜப்பானியத் தன்னார்வ அமைப்பு 1983 முதல் நடத்திவரும் கப்பல் பயணம். உலகைச் சுற்ற ஏறக்குறைய நூறு நாட்கள். அதில் ஏறுபவர்களில் மாணவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர்களும் ஒரு பக்கம், ஓய்வுபெற்றவர்கள் மறு பக்கம். நடுவில் இருக்க வேண்டிய நாற்பது வயதுக்காரர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களிடம் பணம் இருக்கிறது. நூறு நாள் விடுப்புக் கொடுக்கும் முதலாளி இல்லை.

இப்போது தென்கொரியாவுக்கு வருவோம். அங்கே வயதைச் சந்தை தீர்மானிக்கவில்லை, சட்டமே தீர்மானித்தது. 1983 ஜனவரி 1 முதல் சுற்றுலாவுக்காகப் பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனால் ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும். அதோடு 20 லட்சம் வோன் தொகையை ஓராண்டு வங்கியில் வைப்பாக வைக்க வேண்டும். அன்றைய சம்பளக்காரருக்கு அது பெரும் தொகை. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை ஒரு காரணம். வெளிநாட்டில் வடகொரிய ஆட்கள் இளைஞர்களை அணுகித் தம் பக்கம் இழுத்துவிடுவார்கள் என்ற பனிப்போர் அச்சம் இன்னொன்று. புறப்படும் முன் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும் என்ற விதி 1992 வரை இருந்தது.

1987இல் வயது வரம்பு 45 ஆனது. சியோல் ஒலிம்பிக் நடந்த 1988இல் முதலில் 40, பிறகு 30. 1989 ஜனவரி 1 அன்று வரம்பே போயிற்று. ஆறே ஆண்டுகளில் ஒரு நாட்டின் சுற்றுலாப் பயணியின் குறைந்தபட்ச வயது ஐம்பதிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. அந்த ஆண்டு 12 லட்சம் பேர் வெளியே சென்றார்கள். ஐரோப்பாவின் ரயில்களில் முதுகுப்பையோடு கொரிய மாணவர்கள் தோன்றினார்கள். இன்னொரு பக்கம், அதுவரை வெளிநாடே பார்க்காத பெற்றோருக்குப் பிள்ளைகள் பணம் சேர்த்து அறுபதாம், எழுபதாம் பிறந்தநாளுக்குத் தாய்லாந்துக்கோ சீனாவுக்கோ குழுவோடு அனுப்பி வைக்கும் வழக்கம் வேரூன்றியது. ஒரே வீட்டில் மகன் தனியாகப் பாரிஸ் போகிறான், தாய் கொடிக்குப் பின்னால் பாங்காக் போகிறாள். இருவருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். ஜப்பான் இருபத்தைந்து ஆண்டுகளில் கடந்த கட்டங்களைக் கொரியக் குடும்பங்கள் ஒரே சமயத்தில் வாழ்ந்தன.

பிறகு ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998இல், எண்ணிக்கை 45 லட்சத்திலிருந்து 31 லட்சத்துக்கு விழுந்தது. 2004இல் தொடங்கிய ஐந்து நாள் வேலை வாரம், ஜப்பானுக்கு விசா இல்லாத நுழைவு, மலிவுக் கட்டண விமானங்கள் ஆகியவை அதை மீட்டெடுத்தன. வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும் பயணம், ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகருக்கு, இளைஞர்களுக்குச் சாதாரணமானது. 2019இல் 5.17 கோடி மக்கள்தொகையில் 2.87 கோடிப் பயணங்கள். அதே ஆண்டு 12.6 கோடி மக்கள் கொண்ட ஜப்பானில் 2 கோடி. கொரிய ஆண்களுக்கு மட்டும் ஒரு தனித் தடை நீடிக்கிறது: கட்டாய ராணுவ சேவையை முடிக்காதவர்கள் இருபத்தைந்து வயதிலிருந்து வெளிநாடு செல்லத் தனி அனுமதி வாங்க வேண்டும். எனவே கொரிய இளைஞனின் முதல் பெரிய பயணம் பெரும்பாலும் சீருடையைக் கழற்றிய பிறகே வருகிறது. அவனது வயதுப் பெண்கள் அதற்குள் இரண்டு மூன்று நாடுகளைப் பார்த்திருப்பார்கள்.

ஐரோப்பாவில் இதே தலைமுறை நகர்வை ஒரு டிக்கெட்டில் பார்க்கலாம். ஒரே சீட்டில் பல நாடுகளை ரயிலில் சுற்ற உதவும் இன்டர்ரெயில் அட்டை 1972இல் அறிமுகமானபோது 21 வயது வரையுள்ளவர்களுக்கு மட்டும். வரம்பு மெல்ல உயர்ந்து, 1998இல் எல்லா வயதினருக்கும் திறந்தது. 1972இல் இருபது வயதில் ரயிலேறியவருக்கு அப்போது நாற்பத்தாறு.

பெருந்தொற்றுக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2019இன் 2 கோடிக்கு எதிராக 2024இல் ஜப்பானியர்களின் பயணம் 1.3 கோடி. முதலில் பயணத்துக்குத் திரும்பியவர்கள் இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள். 2024இல் மட்டும் 32 லட்சம் ஜப்பானியர்கள் தென்கொரியா போனார்கள்; அந்த அலையை முன்னால் நின்று இழுப்பவர்கள் இளம்பெண்கள். எழுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு அந்த மூன்று ஆண்டுகள் பயணத்துக்கு உடல் இடம் கொடுத்த கடைசி ஆண்டுகளாக இருந்துவிட்டன. அவர்கள் திரும்பவில்லை. ஆகவே இன்று ஜப்பானில் பயணிகளின் வயது குறைவதுபோல் தோன்றினால், இளைஞர்கள் பெருகியது மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதியவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டதும் அதில் சேர்ந்திருக்கிறது.

இனி வரும் ஆண்டுகளில் நான் கவனிக்கப்போவது இரண்டு கூட்டங்களை. 1988இல் இருபத்தைந்து வயதில் ஹாங்காங் போன ஜப்பானியப் பெண் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். 1989இல் இருபத்திரண்டு வயதில் ரோமில் இறங்கிய கொரிய மாணவரும் அறுபதை நெருங்குகிறார். இருவருக்கும் கொடி வேண்டாம், குழு வேண்டாம். டிக்கெட்டை அவர்களே எடுப்பார்கள். ஓய்வுபெற்ற பயணி என்றால் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் இவர்களிடம் தோற்கும்.

எனக்குக் கவலை தருவது இன்னொரு கூட்டம். ஜப்பானில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இப்போது ஆறில் ஒருவர் அளவில்தான். யென்னின் மதிப்பு 2024 கோடையில் டாலருக்கு 160ஐத் தாண்டி இறங்கியது. சியோலுக்கும் தைபேக்கும் இளைஞர்களால் போக முடிகிறது. லண்டனும் நியூயார்க்கும் அவர்களுடைய சம்பளத்தை விட்டு விலகிப் போய்விட்டன. இருபது வயதில் தொலைவாகப் போகாதவர் அறுபது வயதில் முதன்முறையாகத் தனியாகப் புறப்படுவது அரிது. 1964இல் டாலர் தட்டுப்பாடு என்ற பெயரில் அரசு போட்டிருந்த பூட்டு திறந்தது. இப்போது சட்டத்தில் பூட்டு எதுவும் இல்லை, விலையில்தான் இருக்கிறது. பயண நிறுவனங்களின் சங்கம் 2019இல் இருபது வயதுக்காரர்கள் இருநூறு பேரை இலவசமாக வெளிநாடு அனுப்பும் முயற்சியைத் தொடங்கியது. நல்ல முயற்சி, மிகச் சிறியது. பள்ளிகள் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவை விட்டுவிடாமல் தைவானுக்காவது தொடர்ந்து அழைத்துச் செல்வதும், கல்விக் கடன் தவணையைக் குறைப்பதும்தான் உண்மையான பலன் தரும்.